ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டவள்

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. இப்போது எந்த ஊரில், எந்தக் கம்பெனியில் வேலை தேடிக்கொண்டிருக்கிறாளோ தெரியாது. யாராவது அவள் பெயரைப் போட்டுத் தேடினால் இந்தக் கதை முன்னால் வந்து நிற்கக் கூடாது. பெயர் வெளியே வரவேண்டிய ஆள் வேறொருவன். அவன் பெயரையும் எழுத முடியாது, வக்கீல் நோட்டீஸ் வரும். அந்தக் கோபத்தோடுதான் ஆரம்பிக்கிறேன்.

தனியாக இருக்கும் முதியவர்களுக்கு அவசர உதவி கொடுக்கும் கம்பெனி ஒன்றில் நான் வேலை பார்த்தேன். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தில் ஆபீஸ். முதியவர்களின் வாடகை வீடுகளில் குளியலறையிலும் கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். விழுந்துவிட்டாலோ மூச்சு முட்டினாலோ அதை இழுக்க வேண்டும். இழுத்தால் என் மேசையில் மணி அடிக்கும், திரையில் வீட்டு எண் வரும், நான் பேசுவேன். தேவைப்பட்டால் ஆம்புலன்ஸ் அனுப்புவேன். ஐம்பது வயதுக்கு மேல் கிடைத்த வேலை. மார்சிலிங்கிலிருந்து ரயில் பிடித்துப் போய் வருவேன்.

அந்தக் கயிற்றுக்கும் என் மேசை மணிக்கும் நடுவில் இருந்த புரோகிராமைப் பார்த்துக்கொள்ள வந்தவள் அவள். சேலம் பக்கத்துப் பெண். முப்பது வயது தாண்டியிருக்கும். வந்த முதல் நாளே என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், இவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். போனை வைத்ததும் திரும்பிக் கத்தினேன்.

"என்ன லா இது? வேலை எப்படி செய்யறதுன்னு மேனுவல் இருக்குல்ல, அதப் படிச்சுக்கோயேன்."

"படிச்சுட்டேன் அக்கா. மணி அடிச்சா முதல்ல பச்சை பட்டனை அமுக்கணும்னு போட்டிருக்கு. நீங்க அதை அமுக்கவே இல்லை."

"அது ரொம்ப நாளா வேலை செய்யறதில்ல."

"அதான். மேனுவல் எழுதினவர் நினைச்சது அது. நடக்கறது இது. நான் நடக்கறதைத்தான் பாக்கணும்."

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஆபீஸில் யாருக்குமே பிடிக்கவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் "நான் அதைச் சரிபண்ணிட்டேன்" என்று சொன்னால் தலையாட்டமாட்டாள். அவர்கள் எழுதிவைத்த வரிகளைக்கூடப் பெரிதாகப் பார்க்கமாட்டாள். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குள் போய், அதை நிறுத்தாமலே, அதனிடமே கேட்பாள். நீ யார், எங்கிருந்து வந்தாய், கையில் என்ன வைத்திருக்கிறாய், உன்னிடம் எதைக் கொடுத்தால் எதைத் திருப்பித் தருவாய் என்று. புரோகிராமுக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபங்ஷன் இருக்குமாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டாம். "பேரைப் பாத்து நம்பக் கூடாது அக்கா. பேரு யாரு வேணா வச்சுக்கலாம்" என்பாள். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. திமிர் பிடித்தவள் என்று மட்டும் புரிந்தது.

ஒருநாள் மதியம் தேக்கா பக்கம் ஒரு சைவக் கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் சுத்தமான நெய்யில் செய்வதாகப் பெரிய பலகை. இலை போட்டாயிற்று. இவள் எழுந்து நேராக அடுப்படிக்குள் போய்விட்டாள். சூப்பர்வைசர் பின்னாலேயே ஓடினார்.

"யம்மா, எங்க போறீங்க? கஸ்டமர் உள்ள வரக்கூடாது!"

"எதுல தாளிக்கறீங்கன்னு பாக்கறேன்."

"வெளிய போர்டுல போட்டிருக்குல்ல?"

"போர்டு என்ன சொல்லுதுன்னு நான் கேக்கலையே."

கடை முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு பொங்கலைப் பிசைந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தவள், "டால்டா" என்று ஒரே வார்த்தை சொன்னாள். பிறகு அந்தப் பொங்கலையே முழுசாகச் சாப்பிட்டாள். "தெரிஞ்சு சாப்பிட்டா ஒண்ணுமில்ல அக்கா" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று மாலை வரை அவளிடம் பேசவில்லை.

அவளைப் பற்றி நான் அறிந்த ஒரே சொந்த விஷயம் அவள் புருஷனைப் பற்றியது. அதையும் அவளாகச் சொல்லவில்லை. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஏம்மா தனியா இருக்கே, அவர் எங்கே?" என்று கேட்டுவிட்டேன். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்: "தங்கமான பையன்னு ஊரே சொல்லுச்சு அக்கா. எங்கப்பா இப்பவும் சொல்றாரு. கதவைச் சாத்தினப்பறம் பாத்தவ நான் ஒருத்திதான்." அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை. அவள் ஏன் அப்படி இருக்கிறாள் என்று அன்றைக்குக் கொஞ்சம் விளங்கியது. ஆனாலும் கூட இருப்பது கஷ்டம்தான். "நல்லாருக்கேன்" என்று சொன்னால்கூட நம் கையைப் பார்ப்பாள், நடுங்குகிறதா என்று.

தோ பாயோவில் ஒரு பெரியவர் இருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. ஒரு அறை வாடகை வீடு. அவர்தான் எங்களுக்கு அதிகமாகக் கயிறு இழுக்கிறவர். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணே என்பேன்.

"என்னண்ணே, விழுந்துட்டீங்களா?"

"இல்ல தங்கச்சி. மழை வருமா இன்னிக்கி?"

"அண்ணே, இது அவசரத்துக்கு லா!"

"எனக்கு அவசரந்தான். துணி காயப் போட்டிருக்கேன்."

திட்டுவேன். திட்டிவிட்டு வானம் எப்படி இருக்கிறது என்றும் சொல்வேன். ஒரு நாளைக்குப் பலமுறை இழுப்பார். பிறகு சில வாரங்களாகக் குறைந்துபோயிற்று. காலையில் ஒருமுறை மணி அடிக்கும், அதோடு சரி. அண்ணன் திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் காலையில் ஒருமுறை பேசினார். அன்று பகல் முழுக்க என் மேசையில்தான் இருந்தேன். மறுநாள் ஆபீஸுக்குள் நுழைந்ததுமே மேலாளர் கூப்பிட்டார். அவரும் தமிழர்தான். ஒரு காலத்தில் தானே புரோகிராம் எழுதியவர், பிறகு மேலே போனவர். எங்களிடம் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். தமிழில் பேசினால் ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று அர்த்தம். அன்று ஆங்கிலம்.

தோ பாயோ பெரியவர் ஞாயிறு மதியம் குளியலறையில் விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. அடுத்த நாள் காலை சாப்பாடு கொண்டுபோன தொண்டூழியர்தான் கதவைத் தட்டிப் பார்த்துப் போலீஸைக் கூப்பிட்டிருக்கிறார். பெரியவர் இராத்திரி முழுக்க ஈரத் தரையில் கிடந்திருக்கிறார்.

"அவர் கயிறு இழுத்திருக்கிறார். திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறார். எல்லாம் உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. நீங்கள் எடுக்கவில்லை" என்றார் மேலாளர். பதிவைக் காட்டினார். ஒவ்வொரு அழைப்புக்கும் நேராக 'அனுப்பப்பட்டது', அதற்குப் பக்கத்தில் 'பதில் இல்லை'. அந்த ஞாயிறு மட்டுமல்ல. வாரக்கணக்காக அதே வீடு, அதே 'பதில் இல்லை'.

"மணி அடிக்கவே இல்ல சார்."

"பதிவு பொய் சொல்லுமா?"

புரோகிராமின் நிரலைப் பார்த்துவிட்டார்களாம். அதில் தப்பே இல்லையாம். ஆகவே தப்பு என்னுடையது. விசாரணை முடியும்வரை நான் வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு அவர் அறையிலிருந்து வெளியே வந்தேன். இரண்டு வருஷம் அந்த மனிதனுக்கு மழை வருமா வராதா என்று சொல்லியிருக்கிறேன். நானா எடுக்காமல் இருப்பேன்?

மேசையில் இருந்த என் சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தபோது மேலாளர் அவள் இடத்துக்கு வந்து நின்றார். தமிழில் பேசினார்.

"அம்மா, அந்த சர்வரை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணி விட்டுடேன். கொஞ்சம் ஸ்லோவா இருக்கு."

"ஸ்லோவா இல்லையே சார்."

"பண்ணிடும்மா. இப்பவே."

அவர் போனார். அவள் ரீஸ்டார்ட் பண்ணவில்லை. பிறகு எழுந்து என்னிடம் வந்தாள்.

"அக்கா, மணி அடிக்கலேங்கறது நிஜமா?"

"நீயும் கேக்கறியா?"

"நீங்க சொல்றதை நான் நம்பலே அக்கா. அவர் சொல்றதையும் நம்பலே. வாங்க, அதையே கேப்போம். அணைச்சுட்டா கேக்க முடியாது."

அவளை அறைந்துவிடலாம் போல் இருந்தது. ஆனால் போனேன். போகிற வழியில் மனிதவளப் பிரிவில் இருந்த சீனப் பெண்ணையும் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தாள். "நான் மட்டும் பாத்தா, நான் சொல்றதா ஆயிடும். நீங்க ரெண்டு பேரும் பாக்கணும்."

முதலில் எழுதிவைத்திருந்த நிரலைத் திறந்து காட்டினாள். கயிறு இழுத்தால் மேசைக்கு மணி அடி, பதிலுக்குக் காத்திரு, பதிவு செய். "இதுல தப்பே கிடையாது. இது எழுதி வச்சது. இப்ப ஓடிட்டு இருக்கறவனைக் கேப்போம்" என்றாள். கறுப்பாக இன்னொரு சன்னல் திறந்தது. அது புரோகிராமை நிறுத்தாமல் உள்ளே போகிற வழி என்றாள். மணி அடிக்கும் ஃபங்ஷனின் பெயரைத் தட்டினாள். ஒவ்வொரு கேள்வியையும் தட்டுவதற்கு முன்னால் எங்கள் இருவருக்கும் வாயால் சொன்னாள்.

"உன் பேர் என்ன?" அதே பெயர் வந்தது.

"நீ எந்த ஃபைல்லேர்ந்து வந்தே?"

ஃபைல் பெயர் வரவில்லை. வேறு ஏதோ ஒரு சொல் வந்தது. அவள் விரல் அப்படியே நின்றது.

"என்னம்மா?"

"ஃபைலே இல்ல அக்கா. ஓடிட்டு இருக்கும்போது யாரோ இந்த வழியா உள்ள வந்து, கையால டைப் பண்ணி விட்டிருக்காங்க. பழைய ஆளை எழுப்பிட்டு, அதே பேர்ல வேற ஆளை உக்கார வச்சிருக்காங்க. பேர் அதே பேர். ஆள் வேற. ரீஸ்டார்ட் பண்ணிருந்தா இந்த ஆள் தடம் இல்லாம போயிருப்பான்."

உன்னை எழுதின வரிகளைக் காட்டு என்று கேட்டாள். அப்படி எதுவும் இல்லை என்றது திரை. "பரவாயில்ல. எழுத்து இல்லேன்னாலும், செய்யற வேலையை மறைக்க முடியாது" என்று முணுமுணுத்தாள். உள்ளே எந்தெந்த மதிப்புகளை வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். வரிசையாகச் சில வீட்டு எண்கள் வந்தன.

எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதல் எண் தோ பாயோ அண்ணனுடையது. மற்ற வீடுகளையும் எனக்குத் தெரியும். எல்லாமே அடிக்கடி இழுக்கிறவர்கள். ஒருத்தி தன் பூனையைப் பற்றிப் பேசுவதற்காக இழுப்பாள்.

அவள் அந்த ஃபங்ஷன் செய்யும் காரியத்தை ஒவ்வொரு படியாகக் கேட்டு வாங்கினாள். இந்த வீடுகளிலிருந்து இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஓர் அழைப்பு மட்டும் மேசைக்குப் போகும். அதற்குப் பிறகு எத்தனை முறை இழுத்தாலும் மணி அடிக்காது. ஆனால் 'அனுப்பப்பட்டது' என்று எழுதிக்கொள்ளும். அவ்வளவுதான்.

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "மணி அடிச்ச மாதிரி எழுதச் சொல்லிருக்கான் அக்கா" என்றாள். நான் அழுதேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. மேலாளரின் அறைக் கதவை உடைக்க வேண்டும் போல் இருந்தது. சீனப் பெண் தன் கைப்பேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்தாள். அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் இன்றுவரை நான்தான் குற்றவாளி.

மேலாளர் பிறகு ஒப்புக்கொண்டார். அவர் கைதான் அது. தேவையில்லாத அழைப்புகள் அதிகம் என்று மேலிடத்தில் கேட்டார்களாம். தற்காலிகமாகப் போட்டாராம், எடுக்க மறந்துவிட்டாராம். மறந்தவர் எதற்கு அன்று காலை முதல் வேலையாக ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னார்? இதை நான் எல்லோரிடமும் கேட்டேன்.

எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தொழில்நுட்பக் கோளாறு காரணமாக நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறார்களாம், வேலைக்குத் திரும்பலாமாம். கோளாறாம்! கோளாறு என்றால் தானாக வருவது. இது ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து பத்து விரலால் தட்டியது. நான் திரும்பிப் போகவில்லை. இப்போது சுவா சூ காங்கில் ஒரு பள்ளிக்கூட உணவகத்தில் இருக்கிறேன். மேலாளரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அவளை வேலையை விட்டு எடுத்தார்கள். மேலாளர் சொன்னதைச் செய்யவில்லை, அனுமதி இல்லாமல் ஓடும் அமைப்புக்குள் நுழைந்தாள் என்று இரண்டு காரணங்கள். வேலை போனால் இங்கே இருக்க அனுமதியும் போய்விடும். பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அதற்கு நடுவில் ஒருநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணன் பாதியாகிக் கிடந்தார். என் குரலைக் கேட்டதும் கண்ணைத் திறந்தார்.

"நான் இழுத்தேன் தங்கச்சி. கை வலிக்கிற வரைக்கும் இழுத்தேன். நீ எடுக்கலையே."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முன்னால் போய்விட்டாள். "ஐயா, நீங்க இழுத்தது அக்காவுக்குப் போகவே இல்ல. நடுவுல ஒருத்தர் நிறுத்திட்டாரு."

"ஏன் நிறுத்தினாரு?"

நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். அவளுக்கா அதெல்லாம் உறைக்கும்?

"நீங்க அடிக்கடி கூப்பிடறீங்கன்னு."

"தொந்தரவா இருந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் வைத்தே சண்டை போட்டேன். "எதுக்குடி அதச் சொன்னே? ஏதோ மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டுப் போறது!"

"கேட்டாரே அக்கா."

"கேட்டா சொல்லிடுவியா? அவரு மனுஷன் லா. உன் கம்ப்யூட்டர் இல்ல."

பஸ் நிறுத்தத்தில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சில நாள் கழித்து நான் மட்டும் போனபோது, வார்டில் இருந்த பிலிப்பினோ தாதி என்னைத் தனியே கூப்பிட்டாள். தாத்தா மணியே அடிப்பதில்லையாம். தண்ணீர் வேண்டுமென்றாலும் கூப்பிடுவதில்லை. படுக்கையை நனைத்துக்கொண்டு அப்படியே கிடக்கிறார். என்ன ஆயிற்று அவருக்கு என்று கேட்டாள். வார்டுக்கு வெளியே வந்து அந்தச் சேலத்துப் பெண்ணுக்குப் போன் செய்தேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "உன்னாலதான்" என்று ஆரம்பித்து என்னென்ன வாயில் வந்ததோ எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ஊருக்குக் கிளம்ப இருந்த வாரம் அது. கேட்டுவிட்டு, "வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

வந்தாள். தலைகூட ஒழுங்காக வாரவில்லை. கட்டில் கம்பியில் சுற்றியிருந்த மணிப் பொத்தானை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அமுக்குங்க ஐயா."

"வேண்டாம்மா. அவங்களுக்கு எவ்வளவோ வேலை இருக்கும்."

"எனக்கு இவங்க எப்படின்னு தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அமுக்குங்க, பாப்போம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கட்டைவிரல் மெதுவாக அழுந்தியது. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு தாதி ஓடிவந்தாள். என்ன வேண்டும் தாத்தா என்று கேட்டாள். இவள், ஒன்றும் வேண்டாம், மணி அடிக்கிறதா என்று பார்த்தோம் என்றாள். தாதி இவளை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள்.

"மறுபடி அமுக்குங்க."

"திட்டுவாங்கம்மா."

"திட்டட்டும். வர்றாங்களான்னுதான் கேள்வி."

மறுபடி அமுக்கினார். தாதி மறுபடி வந்தாள். இந்தத் தடவை இவளிடம் இரைந்தே விட்டாள், இது விளையாட்டுச் சாமான் இல்லை என்று. இவளும் விடவில்லை. இருவரும் கட்டிலுக்குக் குறுக்கே நின்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்த்தார். நான் இருவருக்கும் நடுவே புகுந்து தாதியிடம் மன்னிப்புக் கேட்டு, நடந்ததை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கயிறு, குளியலறை, அடிக்காத மணி எல்லாவற்றையும். தாதியின் முகம் மாறியது. அவரைப் பார்த்தாள். திரைச்சீலையை இழுத்து விட்டுப் போனாள்.

இவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் கையில் பொத்தான் இருந்தது. வெகுநேரம் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தவர், யாரும் கேட்காமலே கட்டைவிரலை அழுத்தினார்.

தாதி வந்தாள். கோபமில்லாமல் வந்து, அவர் பக்கம் குனிந்தாள்.

"தண்ணி" என்றார் தமிழில். பிறகு மலாயில், "ஆயர்" என்றார்.